முத்தும் நோயும்: திருகோணமலையில் கெலாட்டின் ஆராய்ச்சி

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோணேசர் கோயிலையும், கோட்டையையும், கடற்படைகள் மோதிக்கொண்ட துறைமுகத்தையும் பற்றியே எழுதியுள்ளனர். இதில் வியப்பெதுவுமில்லை. போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அக்கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பியதும், பின்னர் ஒல்லாந்தரும் பிரெஞ்சியரும் ஆங்கிலேயரும் அத்துறைமுகத்துக்காகப் பொருதியதும், 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் எளிதில் மறக்கக்கூடிய நிகழ்ச்சிகள் அல்ல. ஆயினும் இதே துறைமுகத்தையண்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேறொரு முயற்சியும் நடைபெற்றது. அதற்கு வேண்டியிருந்த கருவிகள் சில நீர்த்தொட்டிகளும், ஒரு கத்தியும், ஒரு நுணுக்குக்காட்டியுமே. உயிருள்ள பிராணியொன்றின் மெல்லிய தசைக்குள்ளே கல் எவ்வாறு தோன்றுகிறது என்பதே அம்முயற்சி விடுக்க முனைந்த புதிர்.

உடலுக்குள் கல் உண்டாதல் மருத்துவம் தொன்றுதொட்டு அறிந்த செய்தி. சிறுநீர்ப்பையிற் கல் உண்டாகிறது, பித்தப்பையிலும் உண்டாகிறது. நாவின் கீழும் தாடையின் உட்புறத்திலும் அமைந்துள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளின் கான்களிற்கூடக் கல் உண்டாகி, உணவை எண்ணிய அளவிலேயே கன்னத்தை வீங்கச் செய்வதுண்டு. இவையனைத்தையும் மனிதர் நோய் என்கின்றனர். அதே செயல் ஒரு சிப்பியின் உடலுள் நிகழுமாயின் அதனை முத்து என்கின்றனர். நோய்க்கும் மணிக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை வகுத்தது சந்தையேயன்றிப் பிராணியின் உடல் அன்று. சோதி நட்சத்திரத்திற் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்று நம் முன்னோர் நம்பினர். யானைக் கொம்பிலும் மூங்கிலிலும் கரும்பிலும் முத்துப் பிறக்கும் என்ற மரபும் இருந்தது. இவற்றைப் புனைவென்று ஒதுக்கிவிடலாம். எனினும் முத்தானது உயிருள் நிகழும் ஒரு வினையின் பயன் என்ற உணர்வு அம்மரபினுள்ளும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆங்கில அரசாங்கத்துக்கு இவ்விடயத்திற் கவிதை நாட்டம் எதுவும் இருக்கவில்லை. அதன் கவலை வருவாய் பற்றியது. மன்னார்க் கடலின் முத்துப்பார்கள் அரசாங்கத்தின் பெருஞ்செல்வங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டன. ஆனால் அச்செல்வம் நிலையற்றதாயிருந்தது. சில ஆண்டுகளிற் கோடிக்கணக்கான சிப்பிகள் கிடைத்தன. பின்னர் எவ்வித எச்சரிக்கையுமின்றி அவை மறைந்தன. 1838 முதல் 1854 வரையுள்ள 17 ஆண்டுகளில் மன்னாரில் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. 1855இல் மீண்டும் தொடங்கியபோது, இச்செல்வம் இனியும் மறையாதிருக்க வழியுண்டா என்ற கேள்வி எழுந்தது இயல்பே. சேர் ஹென்றி வோட் தேசாதிபதியாக இருந்த காலம் அது. சிப்பியின் இயற்கை வரலாற்றை ஆராய்ந்து அறிக்கை தருமாறு அரசாங்கம் திருகோணமலையிற் பணிபுரிந்த மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைத்தது. அவரே எட்வேட் பிரெடெரிக் கெலாட்.

கெலாட் 1819இல் இலங்கையிற் பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தவர். இளமையிலேயே மருத்துவப் பணியிற் சேர்ந்து, பின்னர் எடின்பரோவிற் பயின்று மருத்துவப் பட்டம் பெற்றார். இராணுவ மருத்துவராக ஜிப்ரோல்ற்றரிற் கடமையாற்றிய காலத்தில் அந்நிலத்தின் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி 1846இல் வெளியிட்டார். இலங்கை திரும்பிய பின் இத்தீவின் விலங்குகளைத் தொகுத்து 1852இல் மற்றொரு நூலை வெளியிட்டார். இலங்கையின் உயிரினங்களைப் பற்றி அக்காலத்தில் எழுதியோர் பலர் சில ஆண்டுகள் மட்டும் இங்கு தங்கிச் சென்ற பிறநாட்டார். கெலாட் இம்மண்ணிற் பிறந்தவர் என்பது கருதத்தக்கது. பெரும்புகழ் பெற்ற ஆய்வுநிலையம் எதுவும் அவருக்குப் பின்னால் இருக்கவில்லை. மருத்துவக் கடமைக்கிடையே கிடைத்த பொழுதில் அவர் கடற்கரையையே ஆய்வுகூடமாக்கிக்கொண்டார்.

திருகோணமலை இதற்கு ஏற்ற இடம். உட்துறைமுகத்தில் அலையற்ற ஆழ்ந்த நீர் உண்டு. அயலிலே கொட்டியாரக் குடாவில் மகாவலியின் நன்னீர் வந்து கலக்கிறது. தெற்கே தம்பலகாமக் குடா ஒடுங்கிய வாயிலினூடாகக் கடலோடு தொடர்புகொண்டு, ஆழமற்ற சேற்று நிலமாக விரிந்து கிடக்கிறது. உப்புநீர், உவர்நீர், சேறு, மணல், பாறை ஆகிய யாவும் ஒருநாட் பயணத்துக்குள் அடங்கும்.

தம்பலகாமத்துக்கெனத் தனியானதொரு முத்து இருந்தது. அது மன்னாரின் முத்தன்று. அதனை ஈன்ற சிப்பியும் வேறு. அச்சிப்பி தட்டையானது, உள்ளங்கையளவு அகன்றது, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. கோவாவிலும் பிலிப்பைன் தீவுகளிலும் இவ்வினச் சிப்பியோட்டை வெட்டிக் கண்ணாடிக்குப் பதிலாகச் சாளரங்களிற் பொருத்தினர். அதன் முத்துக்கள் சிறியவை. மன்னார் முத்தின் ஒளி அவற்றுக்கில்லை. ஆதலால் அணிகலனுக்கு அவை பெரிதும் உதவவில்லை. எனினும் அவற்றுக்கும் வாங்குவோர் இருந்தனர். இந்தியக் கரைக்கு ஏற்றப்பட்ட அம்முத்துக்கள் அங்கே சுட்டு நீற்றப்பட்டு, செல்வர் வெற்றிலையோடு மெல்லும் சுண்ணாம்பாயின என்று எமேர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். 1858க்கு முந்திய மூன்று ஆண்டுகளில் மட்டும் தம்பலகாமத்தில் எடுக்கப்பட்ட சிப்பிகள் 1 கோடியே 80 இலட்சத்துக்குக் குறையா என்பதும் அவர் தரும் செய்தி. இத்தொகையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு சிறு குடாவின் சேற்றிலிருந்து, கையாலும் காலாலும் துழாவி, இத்தனை உயிர்கள் எடுக்கப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவற்றில் விற்கத்தக்க முத்து எதுவும் இருந்திராது. முத்தைச் சுட்டாலும் ஓட்டைச் சுட்டாலும் முருகைக்கல்லைச் சுட்டாலும் கிடைப்பது ஒரே சுண்ணாம்புதான். ஆகவே செல்வரின் வெற்றிலைக்கும் கூலியாளின் வெற்றிலைக்கும் இரசாயனத்தில் வேறுபாடு இருக்கவில்லை. வேறுபாட்டைச் சுமந்தது குடாவே.

கெலாட் தம்பலகாமச் சிப்பியையும் மன்னார்ச் சிப்பியின் இனத்தையும் ஆராய்ந்தார். அவருக்கு முன்னர் முத்துச் சிப்பியைப் பற்றிக் கூறப்பட்டவை பெரும்பாலும் இறந்த சிப்பியைத் திறந்து பார்த்தோர் கூறியவை. முத்துக்குளிப்பின்போது சிப்பிகள் குவியலாகக் கொட்டப்பட்டு, அழுகவிடப்பட்டு, பின் கழுவி அரிக்கப்படும். அவ்வாறு அழுகிய தசையிலிருந்து முத்தைப் பெறலாமேயொழிய முத்தின் பிறப்பை அறிதல் இயலாது. கெலாட் சிப்பிகளை உயிரோடு வைத்து நாள்தோறும் கவனித்தார். இம்முறையே அவரது பணியின் உயிர்நாடி எனலாம். சிப்பி இவ்வாறு பண்டம் என்ற நிலையிலிருந்து பரிசோதனைப் பிராணி என்ற நிலைக்கு மாறியது.

அவ்வாறு கவனித்ததனால் அவர் கண்ட உண்மைகளுள் முதன்மையானது, சிப்பி ஓரிடத்திலேயே கட்டுண்டு கிடக்கும் உயிரன்று என்பதாகும். பாறையைப் பற்றிக்கொள்ளச் சிப்பி உண்டாக்கும் நார்க்கற்றையை அது தானே அறுத்துக்கொண்டு, வேறிடத்துக்கு நகர்ந்து, அங்கே புதிய நாரை உண்டாக்கவல்லது. உவர்நீரிலும் அதனால் வாழ முடியும் என்றும், நாள்தோறும் இரண்டு மூன்று மணிநேரம் நீர் வற்றி வெயில் படும் ஆழமற்ற இடத்திலும் அது பிழைத்திருக்கும் என்றும் அவர் கண்டார். 1858ஆம் ஆண்டைச் சேர்ந்த அவரது அறிக்கையில் இவை கூறப்பட்டுள்ளன. பார்கள் திடீரென வெறுமையாவதன் மருமத்துக்கு இது விடையாகலாம் என்றும், சிப்பியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்த்து வளர்க்கலாம் என்றும் 1859இல் வெளிவந்த தமது நூலில் ரெனன்ற் மகிழ்ச்சியோடு எழுதினார். அம்மகிழ்ச்சி சற்று அவசரமானது. சிறிது தூரம் நகரும் ஆற்றல் இருப்பதனால் ஒரு பார் முழுவதும் பெயர்ந்து சென்றுவிடும் என்று முடிவுசெய்தல் பொருந்தாது. பார்கள் அழிவதற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பும், மணல் மூடுதலும், சிப்பியைத் தின்னும் மீன்களுமே பெருங்காரணங்கள் என்பது பின்னர் தெளிவாயிற்று.

முத்தின் தோற்றம் பற்றிக் கெலாட் கூறியவையே மிகவும் சிந்திக்கத்தக்கவை. அவர் இரு காரணங்களை முன்வைத்தார். சிப்பியின் சூலகம் மிகைபடப் பருத்து அதன் சுவர் வெடிக்கும்போது வெளியேறும் முட்டைகள் தசையிடுக்குகளிற் சிக்கி முத்தின் கருவாகலாம் என்பது ஒன்று. இது முற்றிலும் புதிய கருத்தன்று. 1826இல் இங்கிலாந்தில் எவராட் ஹோம் இதையொத்த கருத்தைக் கூறியிருந்தார். மற்றையது ஒட்டுண்ணிகள் பற்றியது. சிப்பியின் உட்தசைகளில் நுண்ணிய புழுக்கள் பல இருப்பதைக் கெலாட் கண்டார். அக்காலத்தில் இலங்கைக்கு வந்திருந்த சுவிற்சர்லாந்து விலங்கியலாளரான ஹும்பேர்ட் என்பவரும் முத்துக்குளிப்பு நடந்த இடத்திலேயே சிப்பிகளை ஆராய்ந்து, மேலும் மூவகைப் புழுக்களைக் கண்டார். முத்து உருவாவதில் இப்புழுக்களுக்குப் பெரும்பங்கு உண்டென்பதில் இருவரும் உடன்பட்டனர். இத்தாலியில் 1852இல் பிலிப்பி என்பார் நன்னீர் மட்டியின் முத்துக்களுக்குள்ளே தட்டைப்புழுவின் எச்சத்தைக் கண்டு வெளியிட்ட செய்தி அப்போது ஐரோப்பிய விலங்கியலாரிடையே பேசப்பட்டு வந்தது. அதே கேள்வி சில ஆண்டுகளிலேயே திருகோணமலையிலும் கேட்கப்பட்டது என்பது கவனத்துக்குரியது.

கெலாட் இதனோடு நிற்கவில்லை. புழு முத்தை உண்டாக்குமெனின், புழுவற்ற பார்களிலுள்ள சிப்பிகளுக்கும் அப்புழுவைத் தொற்றச் செய்து முத்தின் தொகையைப் பெருக்க முடியுமன்றோ என்று அவர் எழுதினார். இக்கருத்தைப் படிக்கும் இன்றைய வாசகர் சற்றுத் தயங்காதிருக்க இயலாது. நோயைத் தீர்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், நோயைப் பரப்புவதற்கு அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறுகிறார். ஆனால் இதற்கு அவரை மட்டும் குறைகூறுதல் நியாயமன்று. அரசாங்கம் அவரிடம் கேட்டது சிப்பியின் நலத்தையன்று, முத்தின் எண்ணிக்கையையே. கேள்வி எவ்வாறு அமைகிறதோ அவ்வாறே விடையும் அமையும். உண்மையில், நோயை அறியவேண்டுமாயின் அதைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கவேண்டும் என்ற நெறியே பின்னர் மருத்துவ ஆய்வுகூடங்களின் பொதுவழியாயிற்று. கெலாட்டின் நாளில் அந்நெறி இன்னும் வேரூன்றவில்லை.

அதைச் செய்துபார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1860 ஆகஸ்டில், இங்கிலாந்து நோக்கிய கடற்பயணத்தில், 41 வயது நிறைவதற்கு முன்னரே அவர் காலமானார்.  1863க்குப் பின் மன்னாரில் மீண்டும் பத்தாண்டுகள் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

நாற்பதாண்டுகள் கழித்து அரசாங்கம் மறுபடியும் விஞ்ஞானத்தை நாடியது. 1891க்குப் பின் பார்கள் மீண்டும் வெறுமையாகியிருந்தன. 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனும் அவரது உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்ணெலும் வரவழைக்கப்பட்டனர். அவர்களுக்கு நீராவிக் கப்பல் கிடைத்தது. காலியில் ஆய்வுகூடம் அமைந்தது. அவர்களது அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக றோயல் சங்கத்தினால் வெளியிடப்பட்டது. கெலாட்டிடம் இருந்த வசதியோடு ஒப்பிடின் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. எனினும் அவர்கள் சென்றடைந்த முடிவு கெலாட் சுட்டிய திசையிலேயே அமைந்தது. இலங்கை முத்தின் கருவாக அமைவது ஒருவகை நாடாப்புழுவின் குடம்பி என்றும், அப்புழு திருக்கை மீனின் குடலில் முதிர்ச்சியடைகிறது என்றும் அவர்கள் கருதினர். 1904இல் ஷிப்லியும் ஹோர்ணெலும் அதற்கு இட்ட இனப்பெயரின் பொருளே 'முத்தாக்கி' என்பதாகும். முடிவு முற்றாக நிறுவப்படும் முன்னரே பெயர் நிலைத்துவிட்டது. ஹோர்ணெல் தம்பலகாமத்தையும் மறக்கவில்லை. அங்குள்ள தட்டைச் சிப்பியைப் பற்றி 1906இல் தனி அறிக்கையொன்றை வெளியிட்டார்.

அதே 1906இல் மன்னார்ப் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு இலண்டன் கம்பனியொன்றிடம் கையளிக்கப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே அக்கம்பனி கலைக்கப்பட்டது. ஐந்து தொகுதி விஞ்ஞானமும் கடலின் போக்கை மாற்ற உதவவில்லை.

புழுக் கொள்கைக்கும் விரைவிலேயே மறுப்பு எழுந்தது. ஜேம்சன் என்ற விலங்கியலாளர் முன்னர் ஐரோப்பியக் கடல்மட்டியின் முத்தைப் புழுவோடு தொடர்புபடுத்தியவர். ஆயினும் இலங்கை முத்துக்களைச் சீவி ஆராய்ந்து 1912இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அவற்றுட் பெரும்பாலானவற்றின் நடுவில் நாடாப்புழுக் குடம்பி இல்லை என்று காட்டியது. அவ்வாறாயின் முத்தை உண்டாக்குவது யாது? விடை புழுவில் இல்லை, சிப்பியின் தோலிலேயே இருந்தது. சிப்பியின் ஓட்டை உண்டாக்குவது அதன் மென்மூடியின் புறத்தேயுள்ள மேலணிக் கலங்கள். கல்சியங்காபனேற்றையும் ஒருவகைப் புரதத்தையும் படைபடையாகச் சுரந்து ஓட்டின் உட்புறத்தை மினுங்கச் செய்வது அவற்றின் அன்றாடத் தொழில். புண்ணாலோ, புழுவாலோ, வேறெதனாலோ அக்கலங்களிற் சில இடம்பெயர்ந்து உட்தசைக்குள் புதையுமாயின், அவை அங்கே ஒரு பைபோல் அமைந்து, தாம் அறிந்த அதே தொழிலை அவ்விருளிலும் தொடர்ந்து செய்கின்றன. ஓடு தட்டையாக அமைய வேண்டியது உருண்டையாக அமைகிறது. 1913இல் ஜெர்மனியில் அல்வேர்டெஸ் மேலணிக் கலங்களை நன்னீர் மட்டியின் உடலுட் செலுத்தி இதனைப் பரிசோதனையால் நிறுவினார். யப்பானில் மிசேயும் நிசிகாவாவும் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மென்மூடித் துண்டைக் கருவோடு சேர்த்துப் புகுத்தி உருண்டை முத்துப் பெறும் முறையைக் கண்டிருந்தனர். மிக்கிமோட்டோவின் பெயரோடு உலகெங்கும் பரவிய வளர்ப்பு முத்தின் அடிப்படை அதுவே. மன்னார்க் கடலின் மறுகரையில், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், விஞ்ஞானி அழகர்சாமி 1973இல் இதே முறையால் இந்தியச் சிப்பியில் உருண்டை முத்தைப் பெற்றார்.

எனவே கெலாட் பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் கூறினார் என்பது பொருந்தும். புழு ஒரு தூண்டுகோலாகலாம், அதுவே காரணமன்று. வெளியிலிருந்து வந்த பொருளொன்றே கல்லை உண்டாக்கவேண்டும் என்ற எண்ணம் அவருடைய காலத்தை முழுவதும் ஆட்கொண்டிருந்தது. உடல் தனது இயல்பான சுரப்பினாலேயே, இடமோ பொழுதோ மாறியமையால், கல்லை உண்டாக்கும் என்பதை ஏற்றுக்கொள்வது அதனினும் கடினம்.

மருத்துவமும் இப்பாடத்தை மெதுவாகவே கற்றது. உமிழ்நீர்ச் சுரப்பியிற் கல் உண்டாவதற்கு, வாயிலிருந்து கானினுட் புகுந்த உணவுத் துணுக்கோ கிருமியோ காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் ஹரிசனும் அவருடன் ஆய்வு செய்தோரும் பூனைகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தபோது, நோயற்ற பூனைகளிற்கூட, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத நுண்கற்கள் இருப்பதைக் கண்டனர். சுரப்பியைத் தூண்டும் நரம்பை வெட்டி அதன் சுரப்பைக் குறைத்தபோது அந்நுண்கற்கள் பெருகின. பல்லைக் காப்பதற்கென உமிழ்நீர் சுமந்து செல்லும் கல்சியமும் பொசுபேற்றும், ஓட்டம் தளர்ந்து தேங்கிய இடத்தில், சிதைந்த கலங்களின் எச்சத்தைச் சுற்றிப் படிகின்றன. வெட்டிப் பார்த்தால் அக்கல்லும் முத்தைப் போலவே படைபடையாக அமைந்திருப்பதுண்டு. பூனையின் கல்லும் சிப்பியின் முத்தும் ஒரே காரணத்தாற் பிறப்பன அல்ல. ஒன்றில் சுரப்புத் தேங்குகிறது. மற்றதில் சுரக்கும் கலம் இடம்பெயர்கிறது. ஆயினும் இரண்டிலும் கல்லுக்கு வேண்டிய பொருளை உடலே தருகிறது. இரண்டிலும், பிராணியைப் பேணி, ஒரு செயலை மாற்றி, அதன் விளைவைக் காத்திருந்து கண்டோரே விடையை அணுகினர். நீர்த்தொட்டியருகே அமர்ந்து சிப்பி நாரை அறுப்பதைக் கண்ட கெலாட் அவ்வழியின் முதற்படியிலேனும் கால் வைத்தவர்.

இவ்வரலாற்றிற் பெயர் பெறாதோர் உளர். சிப்பிகளைக் கெலாட்டின் தொட்டிக்குக் கொண்டுவந்தோர் எவர் என்பதை நூல்கள் கூறவில்லை. எந்தச் சேற்றில் எச்சிப்பி வாழும், எப்பருவத்தில் அது கொழுக்கும், எப்போது மெலியும் என்பவற்றைத் தம்பலகாமத்திலும் கொட்டியாரத்திலும் குடாவை நம்பி வாழ்ந்தோர் அறிந்திருந்திருக்க வேண்டும். அவ்வறிவு அறிக்கைகளில் அவர்கள் பெயரின்றிக் கலந்துவிட்டது. அரசாங்க ஆவணங்களில் அவர்கள் எண்ணிக்கையாகவே தோன்றுகின்றனர். அவர்கள் எடுத்த சிப்பியும் எண்ணிக்கையே.

கெலாட்டுக்கும் ஓரளவு இக்கதியே நேர்ந்தது. முத்துச் சிப்பி பற்றிய அவரது அறிக்கைகளைப் பிற்காலத்தவர் பெரும்பாலும் ரெனன்றின் நூல் வழியாகவும் ஹேர்ட்மனின் தொகுதிகள் வழியாகவுமே அறிந்தனர். திருகோணமலைக் கரையில் அவர் சேகரித்து வண்ணந்தீட்டிய ஓடற்ற கடல்நத்தைகளின் படங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகர நூதனசாலையைச் சென்றடைந்தன. சேர் சார்ள்ஸ் எலியற் அவற்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906இல் வெளிவந்தது. அவ்வுயிர்களின் நிறம் மதுசாரத்தில் இட்டவுடன் மறைந்துவிடும். ஆகையால் அவை உயிரோடிருக்கையில் தீட்டப்பட்ட அப்படங்களைக் கொண்டே பல இனங்களை அவர் அடையாளங்காண வேண்டியிருந்தது.